நீராவிப் பையன்

ஸ்காபரோவின் மேற்கோரத்தில், லோறன்ஸ் வீதியின் இரு மருங்கிலுமாக விக்ரோறியா பார்க் வீதியிலிருந்து பேர்ச்மவுண்ட் வரையில் பரந்து கிடக்கும் வெக்ஸ்போர்ட் என்னும் பகுதியை, அதில் வசிப்பவர்களேகூட அழகிய ஊர் என்று வர்ணிக்கத் துணியமாட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் வரிசை வரிசையாக எழுப்பப்பட்ட ஒற்றைத்தட்டுச் செங்கல் வீடுகளும், கட்டடத்தைவிடக் கார் நிறுத்தும் முற்றமே பெரிதாக உள்ள கடைத்தொகுதிகளும், லெபனானியரின் ரொட்டிக் கடைகளும், அவற்றின் அயலிலேயே நம்மவரின் கொத்துரொட்டி மணமும், வட்டாரத்தின் குறுக்கே நடந்து செல்லும் உயர் அழுத்த மின்கம்பிக் கோபுரங்களுமாகச் சேர்ந்த இந்தப் பிரதேசத்தில், பனிக்காலத்து மாலையிலே நேரத்தோடேயே இருட்டிவிட்டபின் மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் மிகச் சிலவே. அவற்றுள் பிரதானமானது, வீட்டுக்குள் இருந்து படம் பார்ப்பது.

2005ஆம் ஆண்டின் முடிவிலே என் தமக்கையாரின் வீட்டுப் பேஸ்மென்ற்றில் நாங்கள் மூன்று தலைமுறையினர் வாசம் செய்துவந்தோம். பகலில் தென்புறத்துத் தொழிற்சாலையொன்றில் பிளாஸ்டிக் பாகங்களை அச்சில் வார்க்கும் யந்திரத்துடன் மல்லுக்கட்டிவிட்டு வரும் நான். இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியிலே பயர்மனாகச் சேர்ந்து, நிலக்கரி அள்ளிப்போட்டு, பின்னர் டீசல் எஞ்சின் சாரதியாக உயர்ந்து, பென்சன் எடுத்த என் தகப்பனார். மேல்தட்டிலே தனக்கென ஓர் அறை இருந்தும் எந்நேரமும் கீழேயே கிடக்கும் பத்து வயது மருமகன். லோறன்ஸ் வீதியிலுள்ள மக்கிரேகர் பார்க் பொது நூலகத்திலிருந்து அவன் வாராவாரம் படத்தட்டுக்களைச் சுமந்துவருவான். பொதுவாக அவை வாகனங்கள் மோதி நெருப்பெடுக்கும் ரகமானவை. தகப்பனார் அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிடுவது வழக்கம். அவர் ஒரு கணமேனும் கண்மூடாமல் பார்த்த படமொன்று உண்டென்றால், அது ‘ஸ்டீம்போய்’ என்னும் ஜப்பானியச் சித்திரப்படமே.

அந்தப் படத்தை ஆக்கியவர் கட்சுஹிரோ ஒட்டோமோ. 1988இல் வெளிவந்த ‘அகிரா’ என்ற படத்தினால் உலகப் பிரசித்தி பெற்ற அவர், இதனை ஏறத்தாழப் பத்து வருஷகாலம் பிரயாசைப்பட்டு உருவாக்கி, 2004ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜப்பானில் வெளியிட்டார். கையால் வரையப்பட்ட சித்திரங்கள் மாத்திரம் 1,80,000 என்பார்கள். அக்காலத்து ஜப்பானியச் சித்திரப்படங்களுள் அதிகச் செலவில் எடுக்கப்பட்டதும் அதுவே. அமெரிக்கக் கண்டத்துக்கு 2005இல் அது வந்து சேர்ந்தபோது, 126 நிமிஷப் படத்தை 106 நிமிஷமாகக் குறுக்கி ஆங்கிலக் குரல் கொடுத்தும் வெளியிட்டார்கள். கதாநாயகனாகிய சிறுவனுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர், நமது கனடாவின் வினிப்பெக் நகரிலே பிறந்த ஆனா பாக்குயின் என்னும் நடிகை. மருமகன் கொண்டுவந்தது இந்த ஆங்கிலப் பதிப்புத்தான். புகையிரதப் பகுதியின் ஆங்கிலம் தகப்பனாருக்கு நன்றாகத் தெரியுமாயினும், படத்திலே அவர்கள் கதைக்கும் மஞ்செஸ்டர் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே பேரன் பக்கத்தில் இருந்துகொண்டு தனக்கு வாய்த்த தமிழிலே அவ்வப்போது வியாக்கியானம் சொல்லவேண்டியதாயிற்று.

கதை நடப்பது 1866இல். மஞ்செஸ்டர் நகரத்துப் பருத்தி ஆலையொன்றில் வேலை செய்யும் ரே ஸ்டீம் என்ற பையன், பெயருக்கு ஏற்பவே நீராவி யந்திரங்களில் அசாத்தியமான சாமர்த்தியம் உடையவன். தகப்பனும் பாட்டனும் கண்டுபிடிப்பாளர்கள். இருவரும் தூரதேசத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்பதே வீட்டாருக்குத் தெரிந்த சங்கதி. ஒரு நாள் பாட்டனிடமிருந்து ஒரு பெட்டி வருகிறது. அதற்குள் இருப்பது உலோகத்தாலான ஒரு பந்து. ஐஸ்லாந்தின் குகையொன்றில் கிடைத்த அபூர்வ நீரைக்கொண்டு, எல்லையற்ற அழுத்தத்திலே நீராவியை அடைத்து வைத்திருக்கும் அந்தப் பந்து எவர் கையில் இருக்கிறதோ, அவருடைய யந்திரத்துக்குக் கரியும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். பெட்டியைத் திறந்து பார்த்த மாத்திரத்திலேயே ஓஹாரா என்ற பெரும் வர்த்தக ஸ்தாபனத்தின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அன்றைக்குத் தொடங்கும் ஓட்டம், லண்டன் நகரத்து மகா கண்காட்சியின் நடுவிலே ஒரு கோட்டையே நீராவியைக் கக்கிக்கொண்டு ஆகாயத்தில் எழும்பும் வரையில் ஓய்வதில்லை.

பையன் ஒற்றைச் சில்லு வாகனமொன்றில் ஏறி, புகையிரதப் பாதை நெடுகத் தப்பி ஓடும் காட்சியிலே மருமகன் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். தகப்பனாரோ அந்தச் சில்லைப் பார்க்கவேயில்லை. திரையின் மூலைகளில் அவர் கண் பதிந்திருந்தது. அழுத்தமானியின் முள் நடுங்குவதும், குழாய்ப் பொருத்துக்களில் இருந்து மயிரிழை போல ஆவி சீறுவதும், கொதிகலன் அடுப்பின் கதவு திறந்ததும் அதன் வெளிச்சம் மனிதனின் நாடியில் மாத்திரம் விழுவதும் ஒட்டோமோவின் சித்திரகாரர்கள் கவனித்து எழுதியிருக்கும் நுணுக்கங்கள். சாதாரண ரசிகர் அவற்றைக் கடந்து போய்விடுவார். எஞ்சின் மேடையில் வெந்தவர் கடந்து போகமாட்டார்.

“உந்த முள் உப்பிடி ஆடினால், ஆரப்பா பக்கத்தில நிப்பான்? நான் எண்டால் குதிச்சிருப்பன்,” என்றார்.

“அம்மப்பா, அவன் இஞ்சினியர். அவனுக்குப் பயமில்லை,” என்றான் பேரன்.

“பயமில்லாதவன் பயர்மன் வேலைக்குச் சரிவரமாட்டான் தம்பி.”

அந்தப் பந்தைப் பற்றியும் அவருக்குப் பலத்த ஆட்சேபம் இருந்தது. கரியும் இல்லாமல், தண்ணீரும் ஊற்றாமல், வெறும் பந்துக்குள்ளே எங்கிருந்து ஓயாமல் ஆவி வருகிறது என்பது அவருடைய வினா. அதற்கு மருமகனிடத்திலும் பதில் இல்லை, படத்தினிடத்திலும் இல்லை. எனினும் மஞ்செஸ்டர் என்ற பெயர் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அவர் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்திலே, பழைய தேசாதிபதிகளின் பெயர்களைத் தாங்கிக்கொண்டு இலங்கையின் பாதைகளில் ஓடிய பி1 வகை நீராவி எஞ்சின்களில் சில, அதே மஞ்செஸ்டர் நகரத்துப் பேயர் பீகொக் கொம்பனியில் வார்க்கப்பட்டவை. சேர் தோமஸ் மேட்லண்ட் என்னும் பெயருடைய எஞ்சினைத் துடைத்துத் துடைத்துத் தன் கைரேகையே அழிந்துவிட்டதென்று அவர் சொல்லுவதுண்டு. படத்திலே ஒரு பாத்திரமாக வரும் ரொபேட் ஸ்டீவன்சனும் அவருக்கு அந்நியர் அல்லர். அந்தப் பெயரைத் தாங்கிய கொம்பனியின் எஞ்சின்களும் நம் நாட்டுக்கு வந்தவையே. உண்மையில் ஸ்டீவன்சன் 1859லேயே காலமாகிவிட்டார். ஜோசப் பாக்ஸ்ரன் நிர்மாணித்த பளிங்கு மாளிகையோ, 1851ஆம் வருஷக் கண்காட்சி முடிந்தபின் ஹைட் பூங்காவிலிருந்து கழற்றப்பட்டு லண்டனின் தெற்கே கொண்டுசெல்லப்பட்டுவிட்டது. 1866இல் இவ்விரண்டையும் ஒருங்கே காண்பது ஒட்டோமோவின் கற்பனை உலகத்தில் மாத்திரமே சாத்தியம். அந்தச் சுதந்திரத்தை நான் குறை கூறவில்லை; நடந்ததை அல்ல, நடந்திருக்கக்கூடியதைத் தீட்டுவதுதான் இந்த நீராவிக் கற்பனை வகையின் தர்மம்.

ஒன்ராறியோ என்பது ஒரு மாகாணத்தின் பெயர் என்பதை அறியுமுன்னரே, அதனை ஓர் எஞ்சினின் பெயராக அறிந்தவர் என் தகப்பனார். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசம் 1954 முதல் நன்கொடையாக வழங்கிய டீசல் எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று இந்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். அவை வந்தபின் கரி அள்ளுபவனின் முதுகுக்கு ஓய்வு கிடைத்தது. அத்துடன் நீராவி எஞ்சினின் ஆயுளும் குறுகத் தொடங்கியது. “கனடாக்காரன் அனுப்பின சாமான்தான் எங்கட கையில இருந்த சவளைப் பறிச்சது, நல்ல காலம்,” என்று அவர் அன்றிரவும் சொன்னார். அந்த நன்கொடையாளரின் ஊரிலேயே அந்திமகாலத்தைக் கழிக்க நேர்ந்ததைப் பற்றி அவர் எவ்வித அபிப்பிராயமும் வெளியிடவில்லை.

படத்தின் பிற்பகுதியிலேதான் அதன் விஷயம் வெளிப்படுகிறது. விபத்தொன்றில் சிக்கி, பாதி யந்திரமாகிப்போன தகப்பன், மனிதகுலம் முழுவதும் விஞ்ஞானத்தின் சக்தியைக் கண்ணாரக் காணவேண்டுமென்று கோட்டையைக் கட்டுகிறான். அதற்குப் பணம் கொடுத்த ஸ்தாபனமோ, அதே கோட்டையைப் பல தேசத்து யுத்த வியாபாரிகளுக்கு மாதிரிச் சாமானாகக் காட்டுகிறது. பாட்டன் அதைக் கண்டு மனம் வெதும்பி, தன் கையாலேயே அந்தக் கோட்டையை அழிக்கப் புறப்படுகிறார். தேசநலன் பேசும் ஸ்டீவன்சனும் பந்தைக் கைப்பற்றியதும் அதனைத் தம் தேசத்தின் ஆயுதத்துக்கே பிரயோகிக்கிறார். ஆகாயத்தில் மனிதர் பறந்து சுடுகிறார்கள். தேம்ஸ் நதிக்கடியிலே மனிதர் நடந்து வருகிறார்கள். ஆளுக்கொரு நியாயம் பேசும் இத்தனை பெரியவர்களுக்கும் நடுவிலே, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நிற்கிறான் பதின்மூன்று வயதுப் பையன்.

இஃது ஏதோ தூரதேசத்துக் கட்டுக்கதை என்று வெக்ஸ்போர்ட் வாசிகள் இருந்துவிட முடியாது. எங்கள் பகுதிக்குச் சற்றுத் தெற்கே, எக்லிங்டன் வீதியை ஒட்டிக் கிடந்த வயல்வெளியிலேதான், 1941 முதல் 1945 வரையில், ஜெக்கோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெரும் வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கியது. பீரங்கிக் குண்டுகளின் மூக்கிலே பொருத்தும் பியூஸ்களுக்கு மருந்து நிரப்புவதே அங்கே நடந்த வேலை; யுத்தகாலம் முழுவதிலுமாக வேலை செய்தோர் 21,000 பேருக்கு மேல்; அவர்களுள் பெரும்பாலார் பெண்கள்; கட்டடங்களை இணைத்து நிலத்தடியிலே சுரங்க வழிகளும் இருந்தன. யுத்தம் ஓய்ந்ததும் அந்த நிலத்தை ஸ்காபரோ நிர்வாகம் வாங்கிக் கைத்தொழில்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க, அங்கே முளைத்த தொழிற்சாலை வரிசைக்குத் தங்க மைல் என்ற பெயர் ஏற்பட்டது. 1959இல் எலிசபெத் மகாராணியாரே அங்குள்ள கடைத்தொகுதிக்கு விஜயம் செய்தார். குண்டுக்கு மருந்து நிரப்பிய மண்ணிலே பின்னர் குளிர்சாதனப் பெட்டியும் வானும் செய்தார்கள். நான் வார்த்துத் தள்ளும் பிளாஸ்டிக் மூடிகளும் அந்தப் பரம்பரையில் வந்த கடைக்குட்டிகளே. யந்திரம் எவருடைய கையில் எக்காலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது என்பதைக் காட்ட ஒட்டோமோ லண்டனுக்குப் போயிருக்கவேண்டியதில்லை. எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு வந்திருந்தாலே போதும்.

ஆயினும் என்னுடைய மனத்தை அந்தப் படம் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் வேறு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே யுத்தம் மறுபடியும் மூண்டதைத் தொடர்ந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பொருள்களின் ஜாபிதா நீண்டுகொண்டே சென்றது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் பொன் விலை. 1995இல் குடாநாட்டு மக்கள் இடம்பெயரும் வரையில் நீடித்த அந்தக் காலத்திலே, ரே ஸ்டீமின் பிராயத்தில் நான் இருந்தேன். பத்திரிகைகளும் புத்தகங்களும் அக்காலத்தைப் பற்றி எழுதும்போது துயரத்தையே எழுதுகின்றன, அது நியாயமே. எனினும் அதே காலத்தில் ஒரு தேசம் முழுவதுமே பட்டறையாகிவிட்டிருந்தது என்பதும், சின்னப் பொடியன்கள்கூடக் குறட்டும் கையுமாகத் திரிந்தார்கள் என்பதும் எழுதப்படவேண்டிய சங்கதிகள்.

ஜாம் போத்தல் விளக்கை எடுத்துக்கொள்வோம். வெறும் போத்தலின் அடியிலே கொஞ்சம் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பில் இருந்து வெட்டியெடுத்த வால்வுக் கட்டையினூடாகத் திரியைக் கோத்து, கம்பியால் அதனைப் போத்தலின் வாயிலிருந்து உள்ளே தொங்கவிடுவார்கள். சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது. குறைந்த எண்ணெயில் நெடுநேரம் எரியும். க.பொ.த. பரீட்சைகளுக்கு அந்தத் தலைமுறை படித்தது அந்த வெளிச்சத்திலேதான். மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாதாகையால், சிறு மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ஒழுங்கையெல்லாம் நீலப்புகை சூழும். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

நான் கைவைத்தது வானொலியில். நான்கு பற்றறி போடும் வானொலிக்கு வேண்டியது ஆறு வோல்ற். சைக்கிள் டைனமோ கொடுப்பதும் ஏறத்தாழ ஆறு வோல்ற்றே. ஆனால் டைனமோவின் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடுவது. வானொலிக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். பழுதாய்ப்போன வேறொரு வானொலியின் வயிற்றிலிருந்து நான்கு டயோட்டுக்களையும் ஒரு கப்பாசிற்றரையும் கழற்றியெடுத்தேன்; அவற்றை எப்படிக் கோக்கவேண்டுமென்று பக்கத்து ஒழுங்கை அண்ணர் ஒருவர் மண்ணிலே ஈர்க்கால் கீறிக் காட்டினார். அவருக்கு அதனை உரும்பிராயில் யாரோ காட்டினார்களாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றினால், டயருடன் உராயும் டைனமோ முனக, வானொலி விழித்துக்கொள்ளும். மெல்லச் சுழற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் அமிழ்ந்துபோகும். வேகமாகச் சுழற்றினால் மின்னழுத்தம் எல்லை மீறி, உள்ளே உள்ள பாகங்கள் கருகிவிடும். முன்விளக்கின் பல்பைக் கழற்றாமல் கூடவே இணைத்துவிட்டால், மிதமிஞ்சிய சக்தியை அது குடித்துக்கொள்ளும் என்பதையும், அந்தப் பல்பின் பிரகாசத்தைப் பார்த்தே சுழற்றும் வேகத்தை நிதானிக்கலாம் என்பதையும் நாங்கள் பழக்கத்தில் கண்டுகொண்டோம். மாலை வேளையில் பீ.பீ.சீ. தமிழோசை கேட்பதற்கு முற்றத்தில் கூடும் அயலவர்கள், பல்பு மங்கினால் “சுத்தடா தம்பி” என்பார்கள். பளிச்சிட்டால் “ஆறுதலாச் சுத்து” என்பார்கள். கொழும்பிலே என்ன நடக்கிறது என்பதை என் தோள்மூட்டின் வேதனையினூடாகவே நான் அறிந்தேன்.

இவற்றையெல்லாம் பொற்காலமென்று போற்றுவது என் நோக்கம் அன்று. போத்தல் விளக்குகள் சரிந்து வீடும் மேனியும் எரிந்த கதைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு, தெற்கிலும் உண்டு. அதே தொண்ணூறுகளிலே, தீக்காயம்பட்டு வருவோருக்குச் சிகிச்சையளித்து மனம் நொந்த விஜய கொடகும்புர என்னும் சிங்கள சத்திரசிகிச்சை நிபுணர், மார்மைற் போத்தலின் கட்டையான உருவத்தைப் பார்த்து, எளிதில் சரியாததும், சரிந்தாலும் உருளாததும், திருகு மூடியினால் எண்ணெய் சிந்தாததுமான விளக்கொன்றை அமைத்து, மலிவு விலையிலே ஏழைகளுக்குக் கிடைக்கச் செய்தார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் பரிசும் பெற்றார். படத்திலே பாட்டன் லாயிட் ஸ்டீம் வாயால் பேசும் இலட்சியத்தை, எவ்வித ஆரவாரமும் இன்றிக் கையால் செய்து காட்டியவர் அவர். ஒரே தீவின் இரு முனைகளிலே, ஒருவரையொருவர் அறியாமல், இரு சாராரும் போத்தலுக்குள் சுடரை எப்படி வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது எனக்கு உண்டான உணர்ச்சியைச் சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை, துக்கம் என்றும் சொல்ல முடியவில்லை.

படம் முடிந்த அன்றிரவு மருமகன் கேட்ட கேள்வி, எழுத்துக்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோதே பிறந்தது. டைனமோக் கதையை நான் சொல்லி முடித்திருந்தேன்.

“மாமா, அதை ஆர் கண்டுபிடிச்சது?”

“தெரியாது தம்பி. எனக்குப் பக்கத்து ஒழுங்கை அண்ணர் சொல்லித் தந்தவர்.”

“அப்ப காசு ஆருக்குப் போச்சு?”

“ஒருத்தருக்கும் போகேல்லை.”

“அப்ப ஏன் செய்தவை?”

இந்நாட்டுப் பிள்ளையின் நியாயமான கேள்வி அது. அதற்குத் தகப்பனார் சொன்ன பதில் நேரடியான பதிலாக இருக்கவில்லை. எனினும் அன்றிலிருந்து அந்தப் படத்தை நான் அவருடைய கண்ணாலேயே பார்த்து வருகிறேன். நீராவிக் காலத்திலே சில அவசரக்காரச் சாரதிகள், மேட்டில் ஏறுவதற்குச் சக்தி போதவில்லையென்று சேப்டி வால்வை அமுக்கிக் கட்டிவைப்பார்களாம். கொஞ்சத்தூரம் எஞ்சின் நன்றாகத்தான் இழுக்கும். “ஆவி கெட்டதில்லை மோனே. அதைப் போகவிடாமல் கட்டி வைக்கிறவன்தான் பொயிலரை வெடிக்க வைக்கிறவன்,” என்றார்.

ஸ்டீம் குடும்பத்தாரின் அனர்த்தமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறதென்பது என் அபிப்பிராயம். விஞ்ஞானம் நல்லதா கெட்டதா என்ற தர்க்கத்திலே தகப்பனும் பாட்டனும் நெடுநேரம் வாதாடுகிறார்கள். ஆனால் பந்து எவரிடம் இருக்கவேண்டும் என்பதைத் தவிர, அது அனைவரிடமும் இருந்தால் என்ன என்ற யோசனை அவ்விருவருக்கும் தோன்றவேயில்லை. ஸ்தாபனம் தன் இலாபத்துக்காக அதனைப் பூட்டுகிறது. அரசாங்கம் தன் வெற்றிக்காகப் பூட்டுகிறது. பாட்டனுமே, தம்முடைய மனச்சாட்சிக்காக அதனைப் பூட்டவே விரும்புகிறார். எங்கள் ஒழுங்கையில் இருந்ததோ பூட்டுவதற்கு வழியற்ற அறிவு. காலையில் ஒருவன் கண்டது மாலையில் ஊராருக்குத் தெரிந்துவிடும்; அயலவனின் விளக்கு எரியாவிட்டால் என் விளக்குக்கும் மதிப்பில்லை; செய்தவனின் பெயரை எவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த யந்திரங்கள் அற்பமானவை என்பது மெய். ஆகாயத்தில் எழும்பும் கோட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல. ஆனால் அவற்றில் எதுவும் எவரையும் அடிமைப்படுத்தவில்லை.

விமர்சகர்கள் பலர் இந்தப் படத்தின் சித்திர வேலையைப் புகழ்ந்து, கதையைக் குறைகூறினார்கள். இந்தக் கண்டத்தில் வசூலிலும் அது சோபிக்கவில்லை. பிற்பாதியிலே உடைவதும் எரிவதும் மிதமிஞ்சிப் போய், மனிதர்கள் புகைக்குள் மறைந்துவிடுகிறார்கள் என்ற ஆட்சேபத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் நம் பிள்ளைகளுக்கு அதனைச் சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கமில்லை. மந்திரக்கோலால் வெல்லும் நாயகர்களே மலிந்த காலத்திலே, முள்ளையும் வால்வையும் வாசித்து, கையில் எண்ணெய் புரள, யோசித்து வெல்லும் ஒரு பையனை அது காட்டுகிறது. பக்கத்திலே யந்திரம் தெரிந்த ஒரு கிழவர் இருந்துவிட்டால், படத்தின் மதிப்பு இன்னும் உயரும்.

அடுத்த வசந்தத்தில் மருமகனின் பள்ளிக்கூடத்திலே கண்டுபிடிப்புக்களைப் பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள். நாங்கள் அவனுடைய சைக்கிளை வீட்டின் பின்புறத்தில் கவிழ்த்து, பழைய சாமான் விற்பனையொன்றில் வாங்கிய டைனமோவைப் பூட்டி, நான்கு டயோட்டுக்களைக் கோத்து, சிறு வானொலியொன்றைப் பேசவைத்தோம். அவன் நிரப்பவேண்டியிருந்த தாளிலே, கண்டுபிடித்தவரின் பெயர், தேசம் என்று இரு கட்டங்கள் இருந்தன. அத்தாளில் சேர்த்துக்கொண்ட சரியாத போத்தல் விளக்குக்கு நேரே அவன் கொடகும்புர என்ற பெயரைச் சந்தேகமின்றி எழுதிவிட்டான். டைனமோ வானொலிக்கு நேரே தேசத்தை எழுதிவிட்டு, பெயரை வெறுமையாக விட்டிருந்தான். தகப்பனார் அதனைக் கண்டு கடிந்துகொண்டார். புகையிரதப் பகுதியின் பதிவுப் புத்தகத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடலாகாதென்றும், எழுதுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் கோடு இழுத்து, பொறுப்பானவன் கையெழுத்து வைக்கவேண்டுமென்றும் அவர் விதி கூறினார். பொறுப்பானவன் யார் என்று பேரன் கேட்டான். இப்போது அதை ஓடவைக்கத் தெரிந்தவன் எவனோ அவன்தான் என்றார் அவர். மருமகன் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு இழுத்து, அதன்மேல் தன் பெயரைத் தமிழிலே எழுதினான். அந்தக் கட்டத்துக்கு மாத்திரம் ஆசிரியை புள்ளி போடவில்லை. அடுத்த கிழமை அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் இருவர் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நின்று, அந்த நான்கு டயோட்டுக்களையும் எப்படிக் கோப்பது என்று அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். தகப்பனார் அந்தப் புள்ளியைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை.